விசாரிக்க வேண்டிய எண்

பரந்தாமனுக்குப் பால்காரர் மேல் சந்தேகம், கேபிள்காரர் மேல் சந்தேகம், பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் தூங்குகிறவர் நிஜமாகவே தூங்குகிறாரா என்பதிலும் சந்தேகம். குதிரை வாங்கப் போகிறவர்கள் அதன் உடம்பில் எங்கெங்கே சுழி இருக்கிறது என்று தடவித் தடவிப் பார்ப்பார்கள். குடும்பத்துக்கு ஆகிற சுழியும் உண்டு, ஆகாத சுழியும் உண்டு. பரந்தாமன் மனிதர்களுக்கும் சுழி பார்ப்பார். அவர் பார்த்த வரையில் சுழி சுத்தமாக இருந்த மனிதர் ஒருவர்கூட இல்லை.

கே.ஜி.கண்டிகையில் சாலையை ஒட்டி அவர் வீடு. வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. அதில் கமலி என்ற வெள்ளைக் குதிரையும், முதுகில் ‘பரந்தாமன் குதிரை சாரட்டு’ என்று கொட்டை எழுத்தில் எழுதிய வண்டியும் நிற்கும். திருத்தணி மண்டபங்களில் மாப்பிள்ளை அழைப்பு என்றால் பெரும்பாலும் கமலிதான். சிவப்புத் தலைப்பாகை கட்டிக்கொண்டு, பூண் போட்ட சாட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு ஊர்வலத்தின் முன்னால் நடப்பவர் பரந்தாமன். கமலியின் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நடப்பவள் அவருடைய ஒரே மகள் ஷோபனா.

கல்லூரி முடித்த பெண் குதிரை பிடிக்க வேண்டிய அவசியம் என்ன என்று கேட்கலாம். வேலைக்கு வைத்த ஆட்கள் யாரும் தங்கவில்லை. ஒருவன் குதிரைக்கு வைக்கிற கொள்ளுப் பயறைத் திருடுகிறான் என்று சந்தேகம். இன்னொருவன் கமலியின் பழைய லாடத்தைச் சனி தோஷக்காரர்களுக்கு விற்கிறான் என்று சந்தேகம். இரண்டு பேரும் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டார்கள். போக முடியாதவள் மகள் மட்டும்தான். குதிரைக்கும் பரந்தாமனுக்கும்கூட ஒத்துப்போகவில்லை. விற்றவன் வயதைக் குறைத்துச் சொல்லியிருப்பானோ என்று, வாங்கிப் பல வருஷம் கழித்து ஒருநாள் அவருக்குத் தோன்றியது. பல்லைப் பார்க்கலாம் என்று வாயைப் பிளந்தார். கமலி அவர் தோளைப் பதம் பார்த்துவிட்டது. அன்றிலிருந்து அவர் கிட்டே போனாலே அது காதை மடக்கும். வெளியில் மட்டும் அவர், “என் குரல் கேட்டாத்தான் அது அடங்கும்” என்று சொல்லிக்கொள்வார்.

ஆடிக் கிருத்திகைக் கூட்டம் வடிந்து, ஆவணி முகூர்த்தங்கள் வரப்போகிற சமயம். ஷோபனாவின் போக்கு அவருக்குப் பிடிபடாமல் போனது. ஒரு நாள் கமலியைக் குளிப்பாட்டி, பிடரியைச் சீவி, தானும் நல்ல சட்டை போட்டுக்கொண்டு பக்கத்தில் நின்று அம்மாவைப் போட்டோ எடுக்கச் சொன்னாள். இன்னொரு நாள் டேப்பை வைத்துக் கமலியின் உயரத்தை அளந்தாள். சாப்பிடும்போது, அந்தியூர் சந்தையில் கமலியை வாங்கியது எந்த வருஷம் என்று கேட்டாள். பரந்தாமன் பிசைந்த சோற்றை அப்படியே வைத்தார். எதற்குக் கேட்கிறாய் என்றதற்கு, சும்மாதான் என்றாள். ‘சும்மா’ என்ற சொல்லை அவர் என்றைக்குமே நம்பியதில்லை.

விஷயம் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. திருவள்ளூர் தாண்டி, குதிரையேற்றம் கற்றுத்தரும் பள்ளி ஒன்றில் குதிரைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் கேட்டிருந்தார்கள். தங்க இடம் உண்டு. ஷோபனாவுக்கு அந்த வேலை வேண்டும். அவள் வாய்விட்டு இது வேண்டும் என்று சொன்ன முதல் விஷயமே அதுதான். முதலில் பயோடேட்டா அனுப்பச் சொல்லியிருந்தார்கள். அவள் அதுவரை எந்த வேலைக்கும் எழுதிப் போட்டதில்லை. அப்பாவிடம் சொல்லலாமா என்று கேட்டதற்கு அம்மா ஜெயம்மா, “மொதல்ல அவங்க கூப்புடட்டும். அப்புறமா உங்க நைனாகிட்ட நான் பேசிக்கிறேன்” என்று சொல்லிவிட்டாள். அவரிடம் முன்கூட்டிச் சொன்ன எந்தக் காரியமும் உருப்பட்டதில்லை என்பது ஜெயம்மாவின் அனுபவம்.

மறுநாள் ஷோபனா திருத்தணிக்கு பஸ் ஏறினாள். பரந்தாமன் அடுத்த ஷேர் ஆட்டோவில் பின்னாலேயே போனார்.

அவள் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் அபியின் ஜெராக்ஸ் கடைக்குள் நுழைந்தாள். அபி அவளோடு கல்லூரியில் படித்தவள். பரந்தாமன் எதிர் டீக்கடையில் உட்கார்ந்து, டீயை ஆற விட்டுக்கொண்டு கண்ணாடிக் கதவையே பார்த்தார். கம்ப்யூட்டர் திரை முழுக்க வெள்ளையாக ஏதோ தெரிந்தது. பொறுக்கவில்லை. சாலையைத் தாண்டி, செருப்பு வார் கழன்றதுபோலக் கதவோரம் குனிந்தார். திரையில் கமலியின் படம். பக்கத்தில் மகள். கீழே இங்கிலீஷில் வரி வரியாக என்னவோ. எல்லாவற்றுக்கும் கடைசியில் ஒரு போன் நம்பர். அது அவருடைய நம்பர்.

படத்தைப் போட்டு நம்பரையும் போட்டால் அதற்கு உலகத்தில் ஒரே அர்த்தம்தான் என்பது பரந்தாமனின் கட்சி. பழைய பைக்கை அப்படித்தான் விற்கிறார்கள், காலி மனையை அப்படித்தான் விற்கிறார்கள், கறவை மாட்டையும் அப்படித்தான் விற்கிறார்கள். பெற்ற மகள் குதிரையை ஆன்லைனில் விற்கப் பார்க்கிறாள். குதிரை அவர் பேரில் இருப்பதால் அவர் நம்பரையே போட்டிருக்கிறாள். ஆனாலும் உள்ளே போய்க் கேட்கவில்லை. கேட்டால் சும்மா என்பாள். எவனாவது போன் பண்ணட்டும், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று வீட்டுக்குத் திரும்பினார்.

உள்ளே நடந்ததோ வேறு. குதிரை வேலைக்கு எப்படி எழுதுவது என்று அபிக்குத் தெரியாது. அவள் கடையில் அதிகம் ஓடுவது வரன் பார்க்கும் பயோடேட்டாதான். அதையே திறந்து பேரை மாற்றியதில், ஷோபனா, நட்சத்திரம் கிருத்திகை, நிறம் மாநிறம் என்று வந்து நின்றது. இரண்டு பேரும் சிரித்துவிட்டு அழித்தார்கள். அதற்கப்புறம் சிரிப்பு வரவில்லை. எந்தக் கம்பெனியில் வேலை பார்த்தாய், என்ன பதவி, என்ன சம்பளம் என்று அபி ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க, ஷோபனா தன் நாளை விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். காலையில் எழுந்தால் கமலி, ராத்திரி படுக்கும்போது கமலி. அதற்கு என்ன பேர் என்று யாரும் சொன்னதில்லை. கடைசியில், ‘பரந்தாமன் குதிரை சாரட்டு, குதிரைப் பராமரிப்பாளர்’ என்று எழுதினார்கள். ‘விசாரிக்க வேண்டியவர்’ என்ற இடத்தில் அப்பா என்று போடவேண்டாம், பெற்றவர் பேச்சை யார் நம்புவார்கள் என்று அபி சொன்னாள். ‘உரிமையாளர், பரந்தாமன்’ என்று போட்டு நம்பரைச் சேர்த்தார்கள். போன் வருவதற்குள் அவரிடம் எப்படியாவது சொல்லிவிடலாம் என்று ஷோபனா நினைத்திருந்தாள்.

போன் சீக்கிரமே வந்துவிட்டது. பரந்தாமன் சலூனில் முகத்தில் நுரையோடு உட்கார்ந்திருந்தார். தெரியாத நம்பர். ஒரு பெண் குரல், பேர் தமயந்தி என்றது, மரியாதையாகவே பேசியது. மரியாதையாகப் பேசுகிறவர்கள்தான் ஆபத்து என்பது அவர் எண்ணம்.

“உங்ககிட்ட ஒரு வெள்ளைக் குதிரை இருக்குதுங்களே, அது விஷயமாக் கேக்கணும்.”

“குதிரையா? எங்ககிட்ட ஏதுங்க குதிரை?”

அந்த அம்மாள் சற்றுத் தயங்கினாள். ஷோபனா என்று ஒரு பெண் உங்களிடம் வேலை செய்கிறாளா என்று கேட்டாள். பரந்தாமனுக்குச் சுருக்கென்றது. முன்பின் தெரியாதவர் வயசுப் பெண்ணின் பேரைச் சொல்லிக் கேட்டால் எந்தத் தகப்பன் ஆமாம் என்பான்?

“அப்படி யாரும் எங்ககிட்ட வேலை செய்யல. ராங் நம்பரு” என்று வைத்துவிட்டார். குதிரையையும் காப்பாற்றியாகிவிட்டது, மகளையும் காப்பாற்றியாகிவிட்டது. கண்ணாடியில் தன் நுரை முகத்தைப் பார்த்துக்கொண்டார். அந்த ஒரு முகத்தில்தான் அவருக்குச் சுழி எதுவும் தெரியவில்லை.

அந்த நிம்மதி சாயங்காலம் வரைக்கும்தான். வீட்டுக்குள் வந்தபோது அடுப்பு பற்றவைக்காமல் கிடந்தது. ஜெயம்மா மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். ஷோபனா கொட்டகையில் கமலியின் பக்கத்தில், வைக்கோல்மேல் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது என்று ஜெயம்மா எல்லாவற்றையும் கொட்டினாள். குதிரைப் பள்ளி, பயோடேட்டா, கொடுத்த நம்பர். கொடுத்த இடத்தில் விசாரித்தோம், அப்படி யாரும் அங்கு வேலை செய்யவில்லை என்கிறார்கள், பொய்யான தகவல் தருகிறவர்களை நாங்கள் எடுப்பதில்லை என்று செய்தி வந்திருந்தது.

“அந்த அபிப் பொண்ணு நம்பரத் தப்பா அடிச்சிட்டாப் போலகீது. எவனோ எடுத்து இல்லன்னு சொல்லிக்கீறான். புள்ள பொழப்புல மண்ணப் போட்டுட்டான். அவன் நாக்கு அழுவிப்போவ” என்றாள் ஜெயம்மா.

பரந்தாமன் நாக்கை மேலண்ணத்தில் ஒட்டவைத்துக்கொண்டு நின்றார். நான்தான் என்று சொல்ல வேண்டிய இடம் அது. அதை விட்டுவிட்டு, இத்தனை தூரத்தில் பெண்ணைத் தனியாகத் தங்கவைப்பதா, அவர்கள் யார் எவர் என்று தெரியுமா, நல்ல வேளை தப்பியது என்று ஆரம்பித்தார். ஜெயம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள்.

தப்பு செய்தவனுக்குச் சமாதானம் கிடைப்பதில் பஞ்சமே இல்லை. மலை இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டு, இதெல்லாம் முருகன் செயல், தன் வாயில் அவன்தான் அந்தப் பொய்யை வரவழைத்தான் என்று பரந்தாமன் சொல்லிக்கொண்டார். ஆனால் அடிமனசுக்குத் தெரியும். அவள் போய்விட்டால் கமலியைப் பிடிக்க ஆள் இல்லை. வீட்டில் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவும் ஆள் இல்லை. அவர் பயந்தது அதற்குத்தான். பாவம் முருகன், அவருக்கு இதில் ஒரு சம்பந்தமும் இல்லை.

மறுநாள் காலையில் ஒரு பரீட்சை பார்த்தார். வேகவைத்த கொள்ளை வாளியில் எடுத்துக்கொண்டு தானே கொட்டகைக்குப் போனார். கமலி காதைப் பின்னால் மடக்கிப் பல்லைக் காட்டியது. வாளியை வாசலிலேயே வைத்துவிட்டு வந்தார்.

அந்த வார முகூர்த்தம் பொதட்டூர்பேட்டை நெசவுக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு. மாப்பிள்ளை அழைப்பு சன்னதித் தெருப் பக்கம் திரும்பும்போது மாப்பிள்ளையின் கூட்டாளிகள் சரவெடியைக் கொளுத்திக் குதிரையின் காலடியிலேயே போட்டார்கள். பேண்டு வேறு காதைக் கிழித்தது. பரந்தாமன் சாட்டையோடு ஒரு கடையின் படிக்கட்டில் தாவி ஏறிவிட்டார். கமலி முன்னங்காலைத் தூக்கியது. மாப்பிள்ளை வண்டிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினார். ஷோபனா கடிவாளத்தைப் பிடித்து இழுக்கவில்லை. கமலியின் கழுத்தில் உள்ளங்கையை வைத்து, காதோரம் ஏதோ பேசிக்கொண்டே நின்றாள். புகை அடங்கும்போது கமலி நான்கு காலையும் ஊன்றி நின்றிருந்தது.

பெண்வீட்டுப் பெரியவர் ஒருவர் நேரே பரந்தாமனிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டார். குதிரையை நன்றாகப் பழக்கி வைத்திருக்கிறீர்கள் என்றார். பரந்தாமன் படியிலிருந்து இறங்கித் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டார்.

“ஆங், எல்லாம் பழக்கந்தாங்க” என்றார். ஷோபனா எட்டி நின்றாலும் அது அவள் காதில் விழுந்தது.

காலி சாரட்டில் அப்பாவும் மகளும் வீடு திரும்பினார்கள். சாலையில் கரும்பு லாரி ஒன்று அவர்களைத் தாண்டிப் போனது. ஷோபனா கமலியின் முதுகைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

“அந்தம்மா போன் பண்ணப்ப யாரோ இல்லன்னு சொன்னாங்கல்ல நைனா, அத்தப் பொய்யின்னு நான் எப்படி சொல்றது? சம்பளம் கெடையாது. வண்டில பேரு கெடையாது. இப்பக்கூட அவரு உன்னத்தான் மெச்சிக்கினு போறாரு. நான் வேலை செஞ்சேன்னு இந்தக் கமலி வந்து சொன்னாத்தான் உண்டு.”

அவளுக்கு விஷயம் தெரிந்துவிட்டதோ என்று பரந்தாமனுக்குப் பகீரென்றது. வழக்கம்போல மகள் முகத்தில் சுழி தேடினார். கோபம் இல்லை, குத்தல் இல்லை, சந்தேகம் இல்லை. இருந்தால் அவர் தப்பித்திருப்பார். அவள் அதை நிஜமென்றே நம்பிச் சொல்லியிருக்கிறாள் என்று தெரிந்தபோது அவர் தலைப்பாகையை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார்.

விடிந்ததும் கொட்டகைக்குப் பின்னால் போய், அந்த நம்பரைத் தேடிப்பிடித்துப் போன் செய்தார். இந்த முறை சந்தேகம் அந்தப் பக்கத்தில் இருந்தது. தமயந்தி எடுத்த எடுப்பிலேயே, அன்றைக்கு இல்லை என்றீர்கள், இன்றைக்கு இருக்கிறது என்கிறீர்கள், எதை நம்புவது என்று கேட்டாள். நீங்கள் நிஜமாகவே பரந்தாமன்தானா, அந்தப் பெண் யாரையாவது பேசவைக்கிறாளா என்றும் கேட்டாள். மற்றவர்களை இத்தனை வருஷம் அவர் கேட்ட கேள்விகள் எல்லாம் வட்டியோடு திரும்பி வந்தன.

குதிரையை வாங்க வருகிறவர்கள் என்று நினைத்துப் பொய் சொல்லிவிட்டதாக ஒப்புக்கொண்டார். ஷோபனா உங்களுக்கு என்ன வேண்டும் என்று தமயந்தி கேட்டாள்.

“பெத்த பொண்ணுங்க.”

“அப்போ நீங்க நல்லதுதான் சொல்லுவீங்க. அத வெச்சு நான் என்ன பண்றது?”

“நான் நல்லது சொல்ல வரலீங்க. அவ அங்க வந்துட்டா இங்க என் தொழில் படுத்துடும். நான் கிட்ட போனா அது கடிக்கும். தோள்ல தழும்பு கீது, போட்டோ வேணாலும் அனுப்பறேன். எனக்கு நஷ்டம்னு தெரிஞ்சிதான் சொல்றேன்.”

தமயந்தியின் குரல் கொஞ்சம் இறங்கியது. பட்டாசுக்கும் பேண்டுக்கும் மிரளாமல் குதிரையைப் பழக்கியதாக எழுதியிருக்கிறாளே, அவள் எப்படிப் பழக்கினாள் என்று விசாரித்தாள். பரந்தாமன் யோசித்துப் பார்த்தார். ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

“தெரியாதுங்க. நான் பார்த்ததே இல்ல. நான் முன்னால நடந்துகினு இருந்தேன்.”

தமயந்தி, இப்போது சொன்னதை உள்ளபடி எழுதி, யாருக்கு யார் என்ன உறவு என்பதையும் மறைக்காமல் போட்டு அனுப்பச் சொன்னாள். அந்தப் பெண்ணை நேரில் வரச்சொல்லுங்கள், எங்கள் குதிரைகளோடு விட்டுப் பார்க்கிறேன், அதற்கப்புறம்தான் எதுவும் சொல்ல முடியும் என்றாள்.

வீட்டுக்குள் வந்தார். ஜெயம்மா சட்டினிக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள். ஷோபனா தலை வாரிக்கொண்டிருந்தாள். நாக்கு அழுகவேண்டும் என்று ஜெயம்மா சபித்தாளே, அந்த ஆள் தான்தான் என்று இரண்டு பேருக்கும் கேட்கும்படி சொன்னார். கடுகு கருகியது. ஷோபனா சீப்பைத் தலையிலேயே வைத்தபடி அவரைப் பார்த்தாள். சொன்னது எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். திருத்தி எழுதி அனுப்ப அபி கடைக்குக் கிளம்பு என்றதற்குக் கிளம்பினாள். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். பரந்தாமன் அவளுக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்துவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தார்.

அபி பழைய பக்கத்தைத் திறந்தாள். பரந்தாமன் ஸ்டூலை இழுத்துப்போட்டுத் திரைக்கு முன்னால் உட்கார்ந்தார். ஒவ்வொரு வரிக்கும் அர்த்தம் கேட்டார். கேட்டுவிட்டு, இதில் வேறு எதுவும் ஒளிந்திருக்கவில்லையே என்றும் கேட்டார். சுபாவம் ஒரே நாளில் எங்கே போகும்? அதன்பின் கமலிக்குத் தீனி வைப்பது யார், குளம்பு பார்ப்பது யார், வயிற்றுவலி வந்தபோது விடிய விடிய நடக்கவைத்தது யார் என்று அவராகவே சொல்லச் சொல்ல, அபி அடித்துக்கொண்டே போனாள். சொல்வதை நிறுத்த அவருக்கு மனசு வரவில்லை. ஒரு பக்கத்துக்கு மேல் போனால் படிக்கமாட்டார்கள் என்று அபிதான் நிறுத்தினாள்.

கடைசியில் விசாரிக்க வேண்டியவர் இடத்துக்கு வந்தார்கள். பரந்தாமன், ஷோபனாவின் தகப்பனார் என்று அடித்துவிட்டு அபி விரலை நிறுத்தினாள்.

“பேருக்குக் கீழ உரிமையாளர்னே இருக்கட்டுமா மாமா?”

பரந்தாமன் திரையில் இருந்த கமலியின் படத்தைப் பார்த்தார். கடிவாளம் மகள் கையில் இருந்தது. படத்தில் அவரைக் காணவில்லை.

“அத்த எடுத்துடும்மா. தலப்பா கட்டிக்கினு முன்னால நடக்கறவருன்னு போடு.”

அபிக்கு அதை அடிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. ஷோபனாவைத் திரும்பிப் பார்த்தாள். காலையிலிருந்து வாயைத் திறக்காத ஷோபனா, கண்ணைத் துடைத்துக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் வந்தாள்.

“அப்படியே போடு அபி” என்றாள். “நைனா தன்னப் பத்தி நெஜமாச் சொன்னது ஒரு வரியாவது இருக்கட்டும்.”